நாலு பேர் தூக்காமல்

போன மாதம், நான் வேலை பார்த்த மருத்துவமனையிலிருந்து ஓர் இளம்பெண் அழைத்தாள். நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் முன்புதான் எங்கள் பிரிவில் சேர்ந்தவள்.

"அக்கா, பென்சன் வாங்கப் போற ஸ்டாப்புங்களுக்கு ஒரு கூட்டம் வச்சிருக்கோம். அறுபது வயசுல உடம்ப எப்படிப் பாத்துக்கிறதுன்னு ஒரு பத்து டிப்ஸ் சொல்லுங்க லா. அரை மணி நேரம் போதும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இரண்டு நாள் யோசித்தும் பத்துக் குறிப்பு தேறவில்லை. நட, சீனியைக் குறை, நேரத்துக்குத் தூங்கு. இதெல்லாம் தெரியாதவர்கள் யார்? எனக்கு ஞாபகம் வந்ததெல்லாம் ஒரு மனிதரும் ஒரு மாடிப்படியும்தான். அதையே எழுதி வைத்துக்கொண்டு வாசிக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முப்பத்தாறு வருஷம் பிசியோதெரபி வேலை. நாங்கள் ஊசி போடுவதில்லை, மருந்து கொடுப்பதில்லை. படுத்தவரை உட்கார வைப்பதும், உட்கார்ந்தவரை நிற்க வைப்பதும், நிற்பவரை நடக்க வைப்பதும்தான் எங்கள் வேலை. எத்தனை முறை விளக்கினாலும் நம் ஆட்கள் தாதியரைக் கூப்பிடுவது போல எங்களையும் 'மிஸி' என்றுதான் கூப்பிடுவார்கள். பிறகு நானும் திருத்துவதை விட்டுவிட்டேன். கோலாலம்பூரில் மூன்று வருஷம் படித்தேன். எலும்பு, தசை, நரம்பு எல்லாவற்றின் பெயரும் மனப்பாடம். செபராங் ஜெயா வீட்டிலிருந்து காலையில் பெரிப் படகு ஏறி, பினாங்குத் தீவில் வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்கு ஒன்றும் தெரியாது என்பது தெரிந்துவிட்டது. தெரிய வைத்தவர் எங்கள் தலைவி மேடம் ஊய்.

குள்ளமான சீனப் பெண்மணி. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, கையில் ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம். நோயாளி நாற்காலியிலிருந்து எழத் தடுமாறும்போது எங்கள் கை தன்னால் நீளும். உடனே பின்னாலிருந்து அவர் குரல் வரும்: "கையைப் பின்னால் கட்டு." கட்டிக்கொள்வோம். அவர் கடிகாரத்தைப் பார்ப்பார். பத்து விநாடி. அதற்குள் பெரும்பாலும் அந்த மனிதர் எழுந்து நின்றிருப்பார். எழாவிட்டால்தான் நாங்கள் தொடலாம். "நீ தூக்கினால் உன் கைக்குத்தான் பலம் வரும்" என்பார். அதற்கு மேல் விளக்கமாட்டார்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு இருந்தது. புது நோயாளி வந்தால் நாங்கள் எங்கே வலிக்கிறது என்று கேட்போம். அவர் கேட்பது ஒன்றே ஒன்று: "உங்களுக்கு என்ன செய்ய வேண்டும்?" அவர்கள் சொல்வதை அப்படியே பென்சிலால் கோப்பின் மேல் எழுதுவார். சந்தைக்குப் போக வேண்டும். பேத்தியைத் தூக்க வேண்டும். கீழே உட்கார்ந்து சாமி கும்பிட வேண்டும். அந்த ஒரு வரி நிறைவேறும்வரை கோப்பை மூடவிடமாட்டார்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு மணியம் அண்ணன் எங்களிடம் வந்தார். அப்போது அவருக்கு அறுபத்தொரு வயது. கடலுக்கு அந்தப் பக்கம் பிறை என்ற ஊரில் ஓர் இரும்புத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் கிரேன் ஓட்டியவர். கூரைக்குக் கீழே, தண்டவாளத்தில் ஓடும் கிரேன். அதன் கூண்டுக்குப் போக நேர்க்குத்தான இரும்பு ஏணி. தினமும் அதில் ஏறி இறங்கியவர், ஓய்வு பெற்ற அன்று மனைவியிடம் சொன்னாராம்: "ஏறினது போதும். இனிமே உக்காருறதுதான் வேல."

சொன்னபடியே உட்கார்ந்தார். ஜெலுத்தோங் பக்கம் மின்தூக்கி இல்லாத பழைய அடுக்குமாடி ஒன்றில் நாலாவது மாடி வீடு. முதலில் வாரம் ஒருமுறை கீழே இறங்கினார். பிறகு மாதம் ஒருமுறை. பிறகு அதுவும் இல்லை. பசாருக்குப் போவது, பில் கட்டுவது, கேஸ் சிலிண்டர் தோம்புக்குச் சொல்வது எல்லாம் மனைவி லெட்சுமி அக்கா. இவருக்கு நாற்காலி, தொலைக்காட்சி, சாப்பாடு. பத்தாவது மாதம் அடுப்படியில் ஈரத் தரையில் வழுக்கி விழுந்ததில் இடது தொடை எலும்பு இடுப்புக்குப் பக்கத்தில் முறிந்தது. தகடு வைத்துத் திருகாணி போட்டார்கள். அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்தது. கால் ஊன்றலாம் என்றும் மருத்துவர் சொல்லிவிட்டார்.

வார்டில் நான் அவரை முதன்முதலாக நிற்க வைக்கப் போனேன். தொடையில் கை வைத்துப் பார்த்தேன். ஈரத்துணியைப் பிடித்தது போலிருந்தது. அடிபட்ட காலில் மட்டுமில்லை, அடிபடாத காலிலும் அப்படித்தான். அன்றைக்கு என் கணக்கு, இவர் சக்கர நாற்காலிக்குத்தான் போவார் என்பது.

மேடம் ஊய் வழக்கம்போல மலாயில் கேட்டார். உங்களுக்கு என்ன செய்ய வேண்டும்?

"ஒண்ணும் செய்ய வேணாம் மேடம்," என்றார் மணியம் அண்ணன். "செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சாச்சு."

மேடம் கோப்பில் எதையும் எழுதவில்லை. இடத்தைக் காலியாக விட்டுவிட்டுப் போனார்.

பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு சிகிச்சைக்கு வரவேண்டிய இரண்டு தவணையும் அவர் வரவில்லை. தொலைபேசியில் கேட்டேன். லெட்சுமி அக்கா அழுதார்.

"எப்படி மிஸி கூட்டிட்டு வர்றது? அன்னிக்கி வீட்டுக்கு வந்தப்ப பக்கத்து வீட்டுப் பசங்க நாலு பேரு பிளாஸ்டிக் நாற்காலில வச்சி மேல தூக்கிட்டுப் போனாங்க. இவரு மூஞ்சியில துண்டப் போட்டு மூடிக்கிட்டாரு. இப்ப கூப்பிட்டா வரமாட்டேங்கிறாரு."

போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன். வாங்கிப் பேசினார்.

"மிஸி, நாலு பேரு தூக்குறதுன்னா அது ஒரே தடவதான். அந்தத் தடவ நமக்குத் தெரியப் போறதில்ல. உயிரோட இருக்கிறப்பவே அதப் பாத்துட்டேன். இன்னொரு தடவ வேணாம்."

மேடத்திடம் இதை அப்படியே மலாயில் சொன்னேன். நாலு பேர் என்றால் நம்மிடையே என்ன பொருள் என்றும் விளக்கினேன். அவர் மணியம் அண்ணனின் கோப்பை எடுத்து, காலியாக இருந்த இடத்தில் பென்சிலால் எழுதினார்: நாலு பேர் தூக்காமல் வீட்டுக்குப் போக வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை எங்கள் விடுமுறை நாள். மேடம் என்னை அழைத்துக்கொண்டு ஜெலுத்தோங்குக்குப் போனார். மாடிப்படியின் கீழே நின்று பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். முதல் படியின் உயரத்தை அளந்தார், ஏழு அங்குலம். கைப்பிடிக் கம்பியை ஆட்டிப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டே ஏறினார். அறுபத்து நாலு. மேலே போனபோது அவருக்கே மூச்சு வாங்கியது. அப்போது அவருக்கு ஐம்பத்தேழு வயது.

வீட்டில் கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்றைச் சுவரோடு சேர்த்துப் போட்டார். மணியம் அண்ணனை அதில் உட்கார வைத்து, கைகளை மார்பில் கட்டச் சொல்லி, முப்பது விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று பார்த்தார். ஒருமுறைகூட முடியவில்லை. மேடம் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. லெட்சுமி அக்காவிடம் நாலு தடித்த துண்டுகள் கேட்டார். மடித்து அடுக்கி நாற்காலியில் வைத்தார். இருக்கை ஒரு சாண் உயர்ந்தது. "இப்போது எழுங்கள்" என்றார். பற்களைக் கடித்துக்கொண்டு, கை ஊன்றாமல், ஒருமுறை எழுந்தார் மணியம் அண்ணன்.

"வாரம் ஒரு துண்டு எடுக்க வேண்டும். அவ்வளவுதான்," என்றார் மேடம்.

அதன் பிறகு செவ்வாயும் வெள்ளியும் காலையில் நான் அந்த வீட்டுக்குப் போக அனுமதி வாங்கிக் கொடுத்தார். அவர் எனக்கு விதித்த விதி ஒன்றுதான். எத்தனை படி ஏற முடியும் என்று கண்ணால் பார்த்திருக்கிறாயோ, அத்தனை படிதான் இறக்க வேண்டும். இறங்குவது யாருக்கும் முடியும்போல் தெரியும், அதில் ஏமாறாதே என்றார்.

துண்டுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. வாசலுக்கு வெளியே படியில் ஒன்று, மூன்று, எட்டு என்று பழகினோம். ஏறும்போது நல்ல கால் முதலில் வைக்க வேண்டும், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். அவர் மாற்றி மாற்றி வைத்தார். லெட்சுமி அக்கா ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே, "ஏற நல்லது, எறங்க நொந்தது, இதுகூடவா ஞாபகம் இல்ல?" என்றார். அன்றிலிருந்து அவர் அதை முணுமுணுத்துக்கொண்டே கால் வைத்தார். நானும் பிறகு வந்த எல்லா நோயாளிகளுக்கும் அதையே சொல்லிக் கொடுத்தேன்.

ஐந்தாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை. கடைசித் துண்டையும் எடுத்துவிட்டு உட்கார வைத்தேன். முப்பது விநாடியில் எட்டு முறை எழுந்தார். தொடையில் கை வைத்தேன். ஈரத்துணியாக இருந்த இடத்தில் கயிறு ஓடுவது போல ஏதோ இறுகியது. புத்தகத்தில் படித்திருக்கிறேன், வயதான தசையும் கேட்டால் வளரும் என்று. ஐந்து வாரத்தில் என் விரலுக்கடியில் அது நடந்தபோது எனக்குப் புல்லரித்தது. கருவிலே செய்து முடித்துவிட்டதாக நினைத்த ஒன்றை இந்த உடம்பு அறுபத்தொரு வயதில் திரும்பச் செய்கிறதே என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்தப் பிரமிப்பில்தான் தப்புச் செய்தேன்.

"மிஸி, தரையில கால் வச்சு எத்தனையோ மாசமாச்சு," என்றார் அவர். "கீழ ஸ்டால்ல ஒரு டீ குடிச்சிட்டு வந்துடுவோமா?"

அதுவரை அவர் இறங்கி ஏறியது ஒரு மாடி, பதினாறு படி மட்டும். எனக்கு அது தெரியும். ஆனாலும் சரி என்றேன். இடுப்பில் பட்டை கட்டி, அவருக்கு இரண்டு படி கீழே நின்றுகொண்டு இறக்கினேன். அழகாக இறங்கினார். தரையைத் தொட்டதும் சிமெண்டைத் தோங்காட் ஊன்றுகோலால் இரண்டு தட்டுத் தட்டினார். டீ குடித்தார். கடைக்காரர் காசு வாங்க மறுத்துவிட்டார்.

திரும்பி ஏறும்போது ஆறாவது படியில் அவர் தொடை நடுங்கத் தொடங்கியது. முழங்கால் மடங்கியது. பட்டையைப் பிடித்து மெதுவாக உட்கார வைத்தேன். கால் மணி நேரம் கழித்து எழ முயன்றார். முடியவில்லை. மறுபடி முயன்றார். அதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள். யாரோ பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்தார்கள். நல்ல மனசோடுதான் கொண்டுவந்தார்கள். அதைப் பார்த்ததும் மணியம் அண்ணன் கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வேணாம். இங்கேயே இருக்கேன்," என்றார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. "தூக்காதீங்க."

நான் மேடத்தை அழைத்தேன். என்ன செய்தேன் என்று ஒளிக்காமல் சொன்னேன். அரை மணி நேரத்தில் தன் சின்னக் காரில் வந்து இறங்கினார். நான் திட்டுக்குத் தயாராக இருந்தேன். அவர் என்னைப் பார்த்துக் கேட்டது: "எத்தனை படி மீதி?"

"ஐம்பத்தெட்டு மேடம்."

மேடம் போய் மணியம் அண்ணனுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். அவசரமில்லாமல் மலாயில் பேசினார்.

"கால் களைத்துவிட்டது. சரி. உங்களிடம் வேறு என்ன இருக்கிறது?"

மணியம் அண்ணன் கம்பியை இன்னும் இறுகப் பிடித்தார்.

"முப்பத்தொரு வருஷம் ஏணியில் உங்களை மேலே இழுத்தது எது?"

மணியம் அண்ணன் தன் கைகளைப் பார்த்தார்.

மேடம் செய்து காட்டினார். படிக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். இரண்டு உள்ளங்கையையும் பின்னாலுள்ள மேல்படியில் ஊன்ற வேண்டும். நல்ல காலால் ஓர் உந்து, கையால் ஓர் அழுத்து. உடம்பு ஒரு படி மேலே போய் உட்காரும். அடிபட்ட காலைக் கூடவே இழுத்துக்கொள்ள வேண்டும்.

"சின்னப் பிள்ள மாதிரி," என்று தமிழில் என்னிடம் முணுமுணுத்தார் மணியம் அண்ணன். "எல்லாரும் பாக்குறாங்க மிஸி."

மொழிபெயர்க்கத் தேவையே வரவில்லை. மேடத்துக்கு அவர் முகத்திலேயே புரிந்துவிட்டது. "நானும் வருகிறேன்," என்றார். அந்த வெள்ளைக் கால்சட்டையோடு, ஐம்பத்தேழு வயதில், ஒரு பிரிவின் தலைவி, அழுக்குப் படியில் பின்னோக்கி ஒரு படி ஏறி உட்கார்ந்தார். கை தட்டவில்லை, வா என்று கூப்பிடவும் இல்லை. கடிகாரத்தைக்கூடப் பார்க்கவில்லை. அங்கே உட்கார்ந்து காத்திருந்தார்.

மணியம் அண்ணன் கம்பியை விட்டார். கையைப் பின்னால் ஊன்றினார். தோள்பட்டை புடைத்தது. ஏறினார்.

நான் கீழே நின்று அவர் காலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். லெட்சுமி அக்கா மேலிருந்து எண்ணிக்கொண்டு வந்தார். இரண்டாம் மாடியில் குடியிருந்த மலாய்க்கார அம்மா காக் தீமா வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார். நாற்காலி கொண்டுவந்த பையன்கள் அதைச் சுவரோரம் வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. மூன்றாம் மாடி நெருங்கியபோது மேடத்துக்குத்தான் கை நடுங்கியது. ஒரு படியிலேயே தங்கிவிட்டார். மணியம் அண்ணன் அவரைத் தாண்டி இரண்டு படி மேலே போயிருந்தார். அங்கிருந்து கீழே பார்த்தார்.

"மெல்ல வாங்க மேடம்," என்றார். "அவசரம் இல்ல."

ஒரு மணி நாற்பது நிமிஷம் ஆயிற்று. கடைசிப் படியில் உட்கார்ந்து, கம்பியைப் பிடித்து, நல்ல காலை ஊன்றி எழுந்து நின்றார். என் கை நீளவில்லை. பின்னால் கட்டியிருந்தேன். அவர் தன் வீட்டுக்குள் நடந்து போனார். உள்ளே போனதும் அவர் முதலில் சொன்னது, "லெட்சுமி, மேடத்துக்கு மைலோ கலக்கு."

மைலோ குடித்துவிட்டு நாங்கள் இறங்கினோம். மேடத்தின் வெள்ளைக் கால்சட்டை பின்பக்கம் கறுப்பாகியிருந்தது. கார் வரை அதைத் தட்டிக்கொண்டே வந்தார். நானே ஆரம்பித்தேன்.

"தப்பு என்னுடையது மேடம். கோப்பில் என்ன எழுதுவது?"

"நடந்ததை எழுது. உன் கையால் எழுது," என்றார். கார்க் கதவைத் திறந்தவர் திரும்பினார். "செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு வந்துவிடு. ஒரு மாடி மட்டும்."

எழுதினேன். என் வேலைக்காலத்தில் நான் எழுதிய எல்லா அறிக்கைகளிலும் அதை எழுதத்தான் அதிக நேரம் பிடித்தது. பதினோராவது வாரம் மணியம் அண்ணன் அறுபத்து நாலு படியையும் காலால் இறங்கி, காலால் ஏறினார். அதற்குப் பிறகுதான் மேடம் அந்தக் கோப்பை மூடினார்.

மேடம் ஓய்வு பெற்று ஈப்போவுக்கு மகளிடம் போய்விட்டார். போன வருஷம் நானும் ஓய்வு பெற்றேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. முப்பத்தாறு வருஷம் மற்றவர்களை எழ வைத்த நான், ஓய்வு பெற்ற ஆறே மாதத்தில் சோபாவைவிட்டு எழ முழங்காலில் கை ஊன்றத் தொடங்கியிருந்தேன். காலைப் பெரி இல்லை, வார்டு வார்டாக நடப்பது இல்லை, கையில் போன் மட்டும் இருந்தது. ஒருநாள் வீட்டில் யாரும் இல்லாதபோது நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கையை மார்பில் கட்டி, எனக்கு நானே முப்பது விநாடி வைத்துப் பார்த்தேன். ஒன்பது. அன்றைக்கு மணியம் அண்ணன் எழுந்ததைவிட ஒன்றுதான் அதிகம்.

கூட்டத்தில் அவர் கதையைச் சொல்வதென்றால் அவரிடம் கேட்க வேண்டும். போன வாரம் ஜெலுத்தோங்குக்குப் போய்க் கீழிருந்து போன் செய்தேன்.

"அங்கேயே நில்லுங்க மிஸி, நான் பக்கத்துலதான் இருக்கேன்," என்றார். சாலையைக் கடந்து வந்தார். எழுபத்து மூன்று வயது. தோங்காட் இல்லை. ஒரு கையில் கெம்போங் மீன், இன்னொரு கையில் கங்கோங் கீரை. லெட்சுமி அக்காவுக்கு இப்போது முழங்கால் வலியாம். பசாருக்குப் போவதெல்லாம் இவர்தான்.

"ஒரு நாளைக்கி எத்தன தடவ அண்ணே ஏறுவீங்க?"

"ரெண்டு தடவ. மழ பேஞ்சா ஒரு தடவ."

சேர்ந்து ஏறினோம். மூன்றாம் மாடித் திருப்பத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. நின்றுவிட்டேன். அவரும் நின்றார். அங்கிருந்து கடலும், அதற்கு அப்பால் பிறையின் புகைபோக்கிகளும் தெரிந்தன. அவருக்கு மூச்சு ஒரு துளிகூட மாறவில்லை. பையைக் கீழே வைக்கவும் இல்லை. அங்கே நின்றுகொண்டுதான் நான் பன்னிரண்டு வருஷமாகச் சொல்லாததைச் சொன்னேன்.

"அன்னிக்கி உங்கள அவ்வளவு தூரம் எறக்கியிருக்கக் கூடாது அண்ணே. தப்பு என்னோடது."

"எறங்குனது என் காலு மிஸி. உங்க காலு இல்ல," என்றார்.

கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். பேரைச் சொல்லாமல் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"பேரோடயே சொல்லுங்க, என்ன இப்ப? படியில உக்காந்து பின்னால ஏறுனத மட்டும் வெளிய சொல்லாதீங்கன்னு ரொம்ப நாளா மனசுல நினைச்சிருந்தேன்." கீரைப் பையைக் கை மாற்றிக்கொண்டார். "இப்ப அதையும் சொல்லுங்க. ஆனா அந்த மேடமும் கூட ஏறுனாங்கன்னு சேத்துச் சொல்லணும். அத விட்டுட்டா அது நடந்த கதை இல்ல."

மீதிப் பதினாறு படிகளையும் அவர் எனக்காக மெதுவாக ஏறினார். மேலே லெட்சுமி அக்கா கதவைத் திறந்து வைத்திருந்தார்.